பின்னிணைப்பு ஏழு

நகரத் திட்டமிடுநர் மாநாட்டை
சுங்கை லெம்பாவில் நடத்தினால் என்ன என்று
என்சிக் ரஸ்லானுக்குத் தோன்றியது
ஒரு செவ்வாய்க்கிழமை, கோப்பிக்கடையில்,
பாதி ரொட்டி சானாய் மீதமிருக்கையில்.
அறுநூறு பேர். மூன்று நாள்.
"நமக்கு என்ன குறை?" என்றார்.
நான் பட்டியல் போடவில்லை.
மாவட்ட மன்றத்தில் பதினோரு வருஷமாகப்
படம் வரைகிறவள் நான்.
கோடு கேட்டால் கோடு போடுவேன்.

விண்ணப்பம் அறுபத்திரண்டு பக்கம்.
விமான நிலையத்திலிருந்து தூரம்:
இரண்டரை மணி நேரம்,
முன்னால் செம்பனைக் குலை லோரி போகாவிட்டால்.
நான்கு நட்சத்திர அறைகள் எத்தனை:
லியோங்கின் இரும்புக்கடைக்கு மேலே இருபத்திரண்டு அறை.
நட்சத்திரம் ஜன்னலில் தெரியும் என்று எழுதி
அழித்தேன்.
அரங்கு: மன்றத்து டேவான்.
போன வாரக் கல்யாணத்தின் சரிகைத்தாள்
மின்விசிறியில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
உணவு: தவமலர்.
திருவிழாவில் ஆயிரம் பேருக்கு ஆக்கியவள்,
அதுவும் கொட்டுகிற மழையில்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"திட்டம் போடுறவங்க காரம் சாப்பிடுவாங்களா?"

ஊரின் தனித்தன்மை, இருநூறு சொற்களுக்குள்.
ரஸ்லான் 'பசுமை' என்று தொடங்கி
மூன்று நாள் அந்தச் சொல்லிலேயே நின்றார்.

பிறகு பின்னிணைப்பு ஏழு.
விருந்தினர் நடந்து பார்க்கும் வழி,
அளவுகோல் பிசகாத வரைபடத்துடன்.

எங்கள் ஊரின் அதிகாரப்பூர்வ வரைபடத்தில்
கடைத்தெரு சிவப்பு, பள்ளிகள் நீலம்,
பாலத்துக்கு அப்பால் எல்லாம் பச்சை.
பச்சை என்றால் விவசாயம்.
அந்தப் பச்சைக்குள்
மூன்றாம் டிவிஷன் லயங்கள் இருக்கின்றன.
கம்பெனி கைமாறிக் கைமாறிப் போனது,
ஆட்கள் போகவில்லை.
அறுபத்து நான்கு வீடுகள், ஒரு கோயில்,
வாலிபால் வலை, இரண்டு சலூன்.
அதில் கடைசி வரிசை, நான்காவது கதவு
என்னுடையது.
பதினோரு வருஷமாக
அந்தப் பச்சையைத் தீட்டி வந்ததும்
இந்தக் கைதான்.

அன்று இரவு ஆபீஸில்
டேப்பும் நடையுமாக எடுத்த அளவுகளை வைத்து
வழித்தடத்தைப் பாலம் தாண்டி இழுத்தேன்.
சின்னச் சின்னச் செவ்வகங்கள்.
அறுபத்து நான்கு.
கோயிலுக்கு ஒரு முக்கோணம்.
ரஸ்லான் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள்.
பாலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.
நல்லப்பன் வீட்டுத் தகரத்தின் கீழே
ஒதுங்கி நின்ற புவான் நோராய்னி
அதிகாரப்பூர்வ வரைபடத்தை விரித்தார்.
"இந்த இடத்தில் எதுவும் இல்லையே" என்றார்.
அவர் இன்னொரு கையில்
நல்லப்பன் வீட்டு மைலோ.
தகரத்தின் இரைச்சலில்
அவருக்கே அது சரியாகக் கேட்கவில்லை போலும்.
மைலோவை ஊதினார். குடித்தார்.
"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார்.

நூற்றுக்கு நாற்பத்தொன்று.
மாநாடு ஒரு கடற்கரை நகரத்துக்குப் போய்விட்டது.
கடிதத்தின் கடைசியில், குறிப்புகள் என்ற கட்டத்தில்:
'இணைக்கப்பட்ட இரு வரைபடங்களும்
ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.
பிழையானதைத் திருத்துக.'
ரஸ்லான் ஓரத்தில் சுருக்கமாகக் கையெழுத்திட்டு
என் மேசையில் வைத்துவிட்டுப்
பசியாறப் போனார்.
எது பிழை என்று
அவரும் எழுதவில்லை.

டேவானில் தொங்கவிட அடித்த பதாகை
'நாளைய நகரங்களை வரவேற்கிறோம்'
இப்போது தவமலர் கடைக்கு மழைத்தடுப்பு.
'நாளைய' மட்டும் உள்பக்கம் மடிந்திருக்கிறது.

இரண்டு படங்களையும்
பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன்.
நேற்று நல்லப்பன்
சமையல்கட்டைப் பின்னால் ஆறடி நீட்டியிருந்தார்,
சிமென்ட் இன்னும் காயவில்லை.
முதலில்
அந்த ஆறடியைச் சேர்த்தேன்.