கேட்காமல் நடந்தவள்

நாலடி மூன்றங்குலம்.
சேர்வேயர் அளந்து
வரைபடத்தில் சிவப்பு மையால் நிரப்பிய அகலம்.
ஒரு ஆளும் ஒரு கேஸ் சிலிண்டரும் போகலாம்.
இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் சுவரோடு சாய வேண்டும்.
என் கையில் எப்போதும் பார்சல் கூடை என்பதால்
பத்தொன்பது வருடமாய்ச் சாய்ந்தது
ஹயசிந்த் மிஸ்தான்.

இதைச் சொல்லவே கூடாது என்றார் முஃபாரிஸ் சேர்.

புதுக்கடையில், நீதிமன்றப் படிக்கட்டுக்குக் கீழே
தட்டச்சுக்காரரின் குடை நிழலில் வைத்து
எனக்குச் சட்டம் சொல்லித் தந்தார்:
"பத்து வருசம் நடந்திருக்க வேணும், தங்கச்சி.
தடையில்லாம. ஒளிக்காம.
முக்கியமா, கேக்காம.
கேட்டு நடந்தா அது தயவு.
தயவை எத்தனை வருசம் சேத்தாலும்
உரிமை ஆகாது.
'அவ விட்டா' எண்டு ஒரு சொல் வாயில வந்துதோ,
வழக்கு அதோட சரி."

ஆகவே சத்தியக் கடதாசியில் நான்
யாரையும் கேட்காதவள்.
பகல் பதினொரு மணிக்கு நாற்பது சோற்றுப் பார்சலோடு
கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றின் வழியே
உரிமையாய் நடந்தவள்.
மழைக்கு வழுக்கும் மூன்றாவது கான்மூடி
பந்தி ஏழில் இருக்கிறது.
ஜம்பு மரம் இல்லை.
சுவருக்கு மேலால் அவ நீட்டிய
ஜம்பு நிறைந்த பால்மா டின் இல்லை.
டின்னை நான் வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்காததும் இல்லை.

மெல்பேர்ணிலிருந்து வந்த மருமகன்
அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விடலாமென்று
இரும்புக் கேற் போட்டதில் தொடங்கியது.
இருபத்து மூன்று தவணை.
மூன்று நீதிபதிகள் மாறிப் போனார்கள்.
ஒருமுறை கோவை வரவில்லை.
ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு டெங்கு.
ஒவ்வொரு தவணைக்கும்
அன்றைய நாற்பது பார்சல் இல்லை.

இருபத்து நாலாவதில் கூண்டில் ஏறினேன்.

"இரண்டாயிரத்து ஆறு, நவம்பர். இரவு இரண்டு மணி.
சாட்சிக்குப் பிரசவ வலி.
தெருப்பக்கக் கதவின் சாவி என் கட்சிக்காரரிடம்.
அவர் எழுந்து வந்து திறந்துவிட்டாரா, இல்லையா?"

முதலியார் அதைத் தமிழாக்கும்வரை எனக்கு நேரமிருந்தது.
கேள்வி சிங்களத்திலேயே விளங்கிவிட்டது.

சட்டத்தரணிக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும்.
நைட்டிக்கு மேலே மழைக்கோட்டு.
ஓட்டோவில் என் பக்கத்தில் அவவும் ஏறியது.
சோதனைச் சாவடியில் டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழ
கணவர் அடையாள அட்டையைத் தேடித் தடுமாற
"பிள்ளை பிறக்கப் போகுது, உனக்கு அம்மா இல்லையா" என்று
அந்தப் பொடியனை அவ சிங்களத்தில் ஏசியது.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

முதலியார் மொழிபெயர்த்தார்.
சிங்களத்தில் அது இன்னும் ஒடுக்கமாய்க் கேட்டது.
மிஸ் என்னைப் பார்க்கவில்லை.
கைப்பையின் சிப்பைத் திறந்தா, மூடினா.

பின்னேரம் அவவின் முறை.
"நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?"
அவ பதில் சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்று.
வீட்டில் வைத்துப் பழக்கியும் இருப்பார்கள்.

"அனுமதியா?" என்றா.
"மழை பெஞ்சுது. பிள்ளை வந்துகொண்டிருந்துது.
அந்த நேரம் ஆர் ஆரைக் கேக்கிறது?"

மருமகன் நெற்றியில் கை வைத்தான்.
முஃபாரிஸ் சேர் வேகமாய் எழுதினார்,
ஒரு சொல்லைக் கோடிட்டார்,
என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார்.
எனக்கு அடிவயிற்றில் ஏதோ இழுத்தது.

வெல்லுவோம் என்கிறார்கள்.

இடைக்காலக் கட்டளையால் கேற் இப்போது
பூட்டு இல்லாமல் நிற்கிறது.
இன்று மாலை நான் வெறுங்கையோடு உள்ளே வர
அவ கடைக்குப் புறப்பட்டு எதிரே வந்தா.
பழக்கத்தில் அவ சுவரோடு சாய்ந்தா.
நானும் இந்தப் பக்கச் சுவரோடு சாய்ந்தேன்.
நடுவில் வழி சும்மா கிடந்தது,
நசிந்த ஜம்பு இரண்டோடு.

யாரும் போகவில்லை.
தீர்ப்பு ஒக்டோபரில்.