ஆழம்: பூஜ்யம்

கண்டனூரில் கடல் இல்லை.
தொண்டிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.
ஆனாலும் நான் இங்கே இருபது மீட்டர் நாடாவை விரித்து
ஒரு முனையைத் துருப்பிடித்த கொக்கியில் மாட்டுகிறேன்,
தண்ணீருக்கு அடியில் செய்வதைப் போலவே.
மூச்சு மட்டும் தாராளம்.

கூப்பிட்டவர் சேவுகப்பெருமாள், இடிப்புக் காண்ட்ராக்டர்.
"மேடம், பின்கட்டு மதில்ல காரை உதிர்ந்துச்சு.
உள்ள தேன்கூடு மாதிரிக் கல்லு.
உங்க ஆபீஸ் வாசல் போர்டுல இருக்கே, அதே."

முருகைக்கல்.
பர்மாத் தேக்கைப் பற்றி இந்த ஊர் பேசும்,
இத்தாலிப் பளிங்கைப் பற்றி விலையோடு பேசும்.
மாட்டு வண்டியில் ஈரம் சொட்ட,
கவிச்சி அடிக்க வந்த இதற்கு
எந்தப் பேரேட்டில் ஒரு வரி இருக்கும்?
வண்டி ஏறும்போது சில
உயிரோடு இருந்திருக்கும்.

"எடுத்தா கேஸ் உண்டாமே?"
யானைக்கும் புலிக்கும் எந்த அட்டவணையோ, அதே அட்டவணை என்றேன்.
அவர் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.
சட்டத்துக்கு முந்தி வந்த கல், பயப்படாதீர்கள் என்றேன்.
எனக்கே அது அவ்வளவு நிச்சயமில்லை.

ஜேசிபி மணிக்கு ஆயிரத்து இருநூறு.
மூன்று நாள் கேட்டேன்.
மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தந்தார்.

அரை மீட்டருக்கு ஒரு புள்ளி.
புள்ளியில் படுவதை எழுது, பிடித்ததை எழுதாதே;
பார் மேல் மிதந்தபடி நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்.
எழுதினேன்.
காரை. காரை. மூளைப் பவளம். செங்கல்.
மூளைப் பவளம், இன்னொரு சாதி.
பல்லி முட்டை.
மான்கொம்பு, குறுக்கே உடைந்தது, என் மணிக்கட்டைவிடத் தடிமன்.

அந்தத் தடிமனில் நான் உயிரோடு பார்த்ததில்லை.

ஒரு கல் பிளந்து கிடந்தது.
உள்ளே வருட வரைகள், நகம் வைத்து எண்ணினேன்.
நாற்பத்தொன்று வரை வந்து
சுண்ணாம்புக்குள் தொலைந்துவிட்டது.
ஓரிடத்தில் மூன்று வரைகள் நெருக்கமாக இருந்தன,
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.
அந்த மூன்று வருடமும் கடலுக்கு என்ன வந்ததோ,
அப்போது தெர்மாமீட்டரோடு யாரும் இறங்கியிருக்கவில்லை.

பதினோரு மணிக்குத் தீவிலிருந்து நம்புராஜன்:
"அக்கா, தண்ணி முப்பத்திரண்டரை.
போன மாசம் கட்டின கன்னுல பாதி வெளுத்திருச்சு.
கிளிமீன் வருது, மோந்து பாத்துட்டுப் போவுது."
சிமெண்ட் சட்டத்தில் நைலான் கயிறு போட்டு
நாங்கள் இருவரும் முடிச்சிட்ட கன்றுகள்.
சரி, நிழல் வலையை இழுத்துக் கட்டு என்றேன்.
நிழல் வலை எவ்வளவுக்கு ஆகும் என்று
அவனுக்கும் தெரியும்.

சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
சித்திரை வெயிலில் குளிர்ச்சியாக இருந்தது.

சேவுகப்பெருமாள் டீயோடு வந்தார்.
"பதினாலு லோடு வரும். திரும்பக் கடல்ல கொட்டினா
வளருமா?"
வளராது. காரை கரைந்து தண்ணீர் கலங்கும்,
இருக்கிறதும் மூச்சடைக்கும்.
அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.
லாரிக் கூலியைக்கூட மனதுக்குள் போட்டு வைத்திருந்தார் போல.

ஒரு மணி.
அறுபத்து மூன்று கற்கள்.
அவற்றில் நான்கு சாதி
எங்கள் இன்றைய பட்டியலில் இல்லாதவை.
இருந்தது என்று சொல்ல இனி ஒரு தாள் இருக்கிறது,
டீக்கறையோடு.
தலைப்பில் நிரப்பினேன்:
இடம், கண்டனூர், பின்கட்டு மேற்கு மதில்.
ஆழம், பூஜ்யம்.
நீரோட்டம், இல்லை.
தெளிவு, நன்று.

நாடாவைச் சுருட்டினேன்.
ஜேசிபி வாய் திறந்து வந்தது.
ஓட்டுகிற பையன் காலையிலிருந்து
பீடி பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தவன்;
ஒன்றும் கேட்கவில்லை.
முதல் இடியில் புழுதி.
இரண்டாவது இடியில் பாதிச் சுவர்.
மூன்றாவதற்குக் கையை ஓங்கி,
நிறுத்தி,
இன்ஜினை அணைத்தான்.

கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.
"அக்கா, இங்க ஒண்ணு. பூ மாதிரி.
எழுதிக்கிறீங்களா?"

பேனாவைத் தேடினேன்.