முப்பத்தோராம் பக்கத்து ற

பதினொரு பக்கம் எழுதியிருந்தேன்,
ஓர் எழுத்தைப் பற்றி.

'கறை தேடிக் கப்பலேறினார் அப்பா.'
இரத்தினவேல், ஐம்பத்தெட்டு வயதில் முதல் தொகுப்பு,
விலை பதினைந்து ரிங்கிட், பக்கம் முப்பத்தொன்று.

யாராவது கறையைத் தேடிப் போவார்களா?
அந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன்.
விழுந்த இடத்திலேயே சம்மணமிட்டு
எழுதவும் தொடங்கிவிட்டேன்.
சோப்புக்கு மசியாத பால்மரக் கறை,
கடவுச்சீட்டில் குத்திய முத்திரையின் கறை,
வாக்களித்த விரலில் ஒரு வாரம் நிற்கும் மை.
மானம் கப்பலேறிற்று என்கிறோமே,
அதைக்கூட விடவில்லை,
நான்காம் அடிக்குறிப்பு.
கடைசிப் பத்தியில் நிலாவையும் இழுத்திருந்தேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

ஞாயிறு மாலை, பினாங்கு வீதி,
நகைக்கடைக்கு மேல் மாடி.
இருபத்திரண்டு நாற்காலி, பதினான்கு பேர்.
வாசித்து முடித்ததும் கைதட்டல்கூட வந்தது.

தாதி மங்களேஸ்வரி எழுந்தாள்.
"கறை இருக்கட்டும்.
அந்தச் சட்டையத் துவைச்சது யாரு?
கட்டுரையில அந்தம்மாவக் காணோமே."
குறித்துக்கொண்டேன்.
உண்மைதான்,
பதினொரு பக்கத்தில் ஒரு வாளிச் சத்தம் இல்லை.

கணக்காய்வாளர் அருளானந்துக்கு வேறு கவலை.
"கப்பல் யாருது? டிக்கெட் காசு யார் குடுத்தா?
எத்தனை மாசம் பிடிச்சாங்க சம்பளத்துல?
அதச் சொல்லாம என்னங்க உருவகம்?"
அதையும் குறித்துக்கொண்டேன்.
ஒரே வரி,
ஆளுக்கொரு கதவைத் தட்டுகிறார்கள்,
எல்லாக் கதவுக்கும் உள்ளே ஆள் இருக்கிறது.
மகிழ்ச்சியாகத்தான் இருந்தது எனக்கு,
கடைசி வரிசையில் அவர் கையைத் தூக்கும்வரை.

பிறையில் இரவு ஷிப்ட். கண்ணெல்லாம் தூக்கம்.
"மன்னிக்கணும் டீச்சர்.
அது கரைங்க. சின்ன ர.
டைப் அடிச்ச பையன்
ஷிப்ட அமுக்கிட்டான் போல."

மின்விசிறி மட்டும் பேசியது.
கீழே யாரோ கடையின் ஷட்டரை இறக்கினார்கள்.
மங்களேஸ்வரிதான் முதலில் சிரித்தாள்,
பிறகு எல்லாரும்,
பிறகு நான்.
அடிக்குறிப்பு நான்கு
கண்ணெதிரே கப்பலேறியது.

பட்டவொர்த் போகும் ஃபெரியில்
இருவரும் ஒரே கம்பியைப் பிடித்து நின்றோம்.
"ரெண்டாவது பதிப்பு வந்தா எதப் போடலாம் டீச்சர்?"

றவையே விட்டுவிடுங்கள்
என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.
கரை தேடி வராத அப்பா
எந்தத் தொகுப்பில் இருக்கிறார்?
சின்ன ர இருந்திருந்தால்
அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப்
போய்க்கொண்டே இருந்திருப்பேன்.
ஒரு பையனின் சுண்டுவிரல்
கவிஞரைவிட நன்றாக எழுதிவிட்டது,
இதை எந்த முகத்தோடு
கவிஞரிடம் சொல்வது?

"உங்கப்பா எதத் தேடினாரு?" என்றேன்.

வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.
"தெரியல டீச்சர். கேட்டதில்ல.
எறங்கின பொறகும்
தேடிக்கிட்டேதான் இருந்தாரு.
ராத்திரியில எழுந்து
சட்டப் பையத் துழாவுவாரு.
விளக்கப் போட்டா
ஒண்ணுமில்ல படு-ம்பாரு."

கட்டுரையை வெளியே எடுத்தேன்.
படகின் மஞ்சள் விளக்கில்
ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பினேன்.
கறை, நாற்பத்தாறு இடம்.
கப்பல், பத்தொன்பது.
அப்பாகூட ஏழெட்டு இடத்தில் வருகிறார்.
தேடி
என்ற சொல்லின்மேல்
என் பென்சில் ஒருமுறையும் நிற்கவில்லை.
எந்தப் பையனும் கைவைக்காத சொல்,
ரவுக்கும் றவுக்கும் பக்கத்திலேயே
பிழையில்லாமல் நின்றிருந்த சொல்.

நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் இல்லை.
தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு
தன் மோட்டார் சைக்கிளிடம் போய்விட்டிருந்தார்.
கரை தொட இன்னும் ஐந்து நிமிடமாவது ஆகும்.
அதற்குள்
எல்லா வண்டியும் உறுமத் தொடங்கிவிட்டது.