எத்தனை தவணை

கொக்கிம்போவில் கல்லாவில் இருப்பவள் பெயர் கேட்பதில்லை.
எத்தனை தவணை என்றுதான் கேட்பாள்.
மூன்று என்றேன்.
அரைக்கிலோ மாட்டிறைச்சி, எண்ணெய், பற்பசை,
இரண்டு அவகாடோ.
அன்று மார்ச் நான்கு, பள்ளிச் சீருடை வாங்கிய கையோடு.
இறைச்சி அன்றிரவே தீர்ந்தது.
பழத்தில் ஒன்று உள்ளே கறுத்திருந்தது.
ஜூனில் அதற்குக் கடைசித் தவணை கட்டினேன்,
எதற்குக் கட்டுகிறேன் என்ற நினைவில்லாமல்.

எங்கள் மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு இதுதான்.
ரொசெண்டாவின் புதுப்பல் வரிசை பன்னிரண்டு தவணை.
அவள் சிரிக்கும்போது எண்ணிக்கொள்வேன்.
எலியேசர் தன் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பதினெட்டு.
ஒன்பது கட்டியாயிற்று,
"இன்னும் பாதி வெளியேதான் கிடக்கிறார்" என்பான்
குடித்த நாளில்.

எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இருபத்துநான்கு.
பதினாறில் நின்றுபோனது,
ஈரச் சட்டைகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு.
பழுது பார்க்க வந்தவன் இரண்டு தட்டுத் தட்டி
புதுசு வாங்குங்கள், தவணையில் தருவார்கள் என்றான்.
அவனுக்கு மட்டும் ரொக்கம்.

கொல்லைக்குத் தள்ளினோம்.
கடல்மூட்டம் இறங்கிய ஒரு காலையில்
அதன் உருளைக்குள் பூனை நான்கு ஈன்றிருந்தது.
வட்டி குட்டி போடும் என்பார்கள்.
இப்படிக் கத்தும் என்று யாரும் சொல்லவில்லை.

தொலைபேசி காலை எட்டுக்கு முதல் தரம்.
"யாஸ்னாவா பேசுவது?"
அவள் வடக்கே சுரங்கத்து வேலைக்குப் போய்விட்டாள்,
நான் தங்கை.
இருபது நாள் எனக்கு நானே தங்கையாக இருந்தேன்.
அவளுக்கும் பழகிவிட்டது.
"அக்காவிடம் சொல்லுங்கள்."
"சொல்கிறேன்."
ஒரு நாள் அவள் பின்னால் குழந்தை இருமியது.
வெந்நீரில் தேன் கலந்து கொடுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, தணிந்த குரலில்,
"அம்மா, இது பதிவாகிறது."

ஞாயிறு இரவு மேசைவிரிப்பைத் துடைத்துவிட்டு
எல்லாக் கடிதங்களையும் பரப்பினோம்.
பிரிக்காத உறைகளை ரொட்டிக் கத்தியால் கீறினேன்.
நிபால்தோ வாசிக்க, நான் எழுத,
மகள் மில்யாராய் செல்பேசியில் கூட்டினாள்.
மூன்று கடை அட்டை, ஒரு வங்கி.
முதலாவதை அடைக்க இரண்டாவதில் எடுத்தது,
இரண்டாவதற்கு மூன்றாவதில்.
"இது ஒரே கடன்தான்" என்றாள்,
"சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது."

அவன் எழுந்து போனான்.
கழிவறைக்கு என்று நினைத்தேன்.
மழைக்காலணிக்குள் இருந்து நான்காவது அட்டையை எடுத்துவந்து
மேசையில் வைத்தான்.
நீலம். எங்கள் துறைமுகத்துக்கு ஒருநாளும் வராத நீலம்.
கியர்ப்பெட்டிக்கு, என்றான்.
டாக்ஸி முதலாளி தன் பங்கு என்று ஒரு பேசோ தரவில்லை.
பிறகு, உன் பிறந்தநாளுக்கு.

என் கை காதுக்குப் போனது.
வளையம் அங்கேதான் இருந்தது.
கழற்றி எறிந்திருக்கலாம்; அதற்கும் இன்னும் ஏழு பாக்கி.
எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னான்.
மகள் அதையும் கூட்டினாள்.
யாரும் விளக்கை அணைக்க எழவில்லை.

திங்கள், எட்டு மணி.
"யாஸ்னாவின் தங்கைதானே?"
இல்லை, யாஸ்னா.
"ஊரிலிருந்து வந்துவிட்டீர்களா?"
வந்துவிட்டேன்.
விசைப்பலகைச் சத்தம்.
மாதம் இவ்வளவுதான் முடியும் என்று
எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்,
இரண்டு தரம், நடுக்கம் நிற்கும்வரை.
"சரி. எத்தனை தவணை?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அங்கே இருமல் சத்தம் இல்லை. கேட்கவில்லை,
பதிவாகிறதே.

மாலையில் ஒரு குட்டியைக் கொண்டுபோய்
ரொசெண்டாவிடம் கொடுத்தேன்.
என்ன விலை என்றாள்.
சும்மா.
அதைத் தூக்கி வயிற்றுப் பக்கம் திருப்பி,
வால் நுனிவரை பார்த்தாள்,
எங்கேயாவது
சின்ன எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று.