ஒன்றரை சென்டிமீட்டர்

டிசம்பர் இருபத்திரண்டு.
கங்கால் துறையில் அன்று யாருக்கும்
நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.
பாரிஸ் லாரி ஆறு மணிக்கு.
நானூறாவது சிப்பியோ ஐந்நூறாவதோ,
மூடி விடவில்லை, கத்தி விட்டது.
இடக்கை. நடுவிரலும் மோதிரவிரலும்
உள்ளங்கையைச் சந்திக்கும் இடம்.
ரத்தம் குறைவுதான்.
"மடக்கு" என்றான் கூல்வென்.
மடக்கினேன்.
விரல்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

ரென் நகரத்தில் தைத்தார்கள், நீல நூலால்.
பிறகு சேவெரின் வந்தாள்.
வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை
என் புறங்கைமேல் படியவைத்தாள்.
ஆறியதும் என் கை
குனிந்து நிற்கும் வாத்தின் தலையாயிற்று.
"மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை.
வலக்கையால் இடக்கை விரல்களை மடக்குங்கள்.
தானாக மடங்க விடாதீர்கள்.
அசைக்காவிட்டால் நாண் ஒட்டிக்கொள்ளும்,
இழுத்தால் அறுந்துவிடும்."
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கேட்டேன்.
"ஒரு மயிரிழை" என்று சொல்வாள் என நினைத்தேன்.
"தெரியாது" என்றாள்.
அன்றே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் அர்லிந்து,
போர்த்துக்கல் கொத்தனார்.
கட்டைவிரலை ரம்பம் கொண்டுபோனது.
அந்த இடத்தில் அவருடைய கால்விரலையே
நட்டிருக்கிறார்கள்.
"ராத்திரியில் செருப்பைத் தேடுகிறது" என்பார்.
அரிசிக் கிண்ணத்துக்குள் புதைத்த
வெள்ளை மொச்சைகளை அந்த விரலால் தோண்டுவார்.
ஏழு எடுத்தால் ஒன்று தவறி விழும்.
தவறியதைத்தான் சத்தமாக எண்ணுவார்.

ஐந்தாம் வாரம்.
வலி இல்லை. அதுதான் ஆபத்து.
அதிகாலை வற்றிய கடல், இருட்டு, சேறு.
கணக்குப் பார்க்க மட்டும் என்று போனேன்.
தகடு வீட்டில், அடுப்புமேடையில்,
காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில்.
முழங்கால்வரை புதைந்த கூல்வென்
"கை கொடு" என்றான்.
வலக்கையில் டார்ச்.
கொடுத்தேன்.

தூண்டில் நரம்பு அறும் சத்தம்கூட இல்லை.
உள்ளே எங்கோ ஒருவர்
கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனதுபோல் இருந்தது.
நடுவிரல் தப்பியது.
மோதிரவிரல் நீட்டியபடியே நின்றது,
யாரையோ சுட்டிக்காட்டுவதுபோல.
அவன் அதற்கு எதிரே நின்றான்.
நான் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அவனுக்குக்
கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுபடி ரென். மறுபடி கத்தி.
முன்கையில் வேலையில்லாமல் கிடந்த
ஒரு மெல்லிய நாணை உருவி
விரலுக்குள் கட்டினார்கள்.
சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காதாம்.
நாற்பத்து மூன்று வருடம் என்னோடு நடந்த ஒன்று
முதல்முறையாக வேலைக்கு வந்தது.
மறுபடி வெந்நீர். மறுபடி வாத்துத் தலை.
மறுபடி மணிக்கு ஒருமுறை.
சேவெரின் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
தேதியை மட்டும் புதிதாக எழுதினாள்:
நாள் ஒன்று.

சுவரில் ஓத அட்டவணை.
அதன் கீழே என் பயிற்சி அட்டவணை.
கடல் ஒருநாளும் தன் முறையைத் தவறவிடவில்லை.
நான் ஒன்பது முறை தவறவிட்டேன்.
ஏழு என்று சொன்னேன்.

செப்டம்பரில் அளவுகோலை வைத்தாள்.
விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
ஒன்றரை சென்டிமீட்டர்.
"இதற்குமேல் நெருங்காமலும் போகலாம்."
ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த
சிப்பியை எடுத்துக் கையில் வைத்து மூடினேன்.
அது அந்த இடைவெளியைவிடத் தடிமன்.
ஆடாமல் உட்கார்ந்தது.
முழு முஷ்டி சண்டைக்குத்தான் வேண்டும், என்றேன்.
"வீட்டில் சண்டை இல்லையா?" என்றாள்.
இப்போது இருக்கிறது.
நல்லபடியாக இருக்கிறது.

ரொட்டிக் கடையில் மட்டும்
வாங்கிய சில்லறை
அந்த ஒன்றரை சென்டிமீட்டர் வழியாக
இன்னும் நழுவுகிறது.
கடைக்காரி குனிவதற்குள்
நான் குனிந்துவிடுகிறேன்.