இணைப்பு: மூங்கில் ஒன்று, நீளம் பதினோரு அடி

எழிலகம் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.
ஆட்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு,
மூங்கிலுக்கு இல்லை.

நான்கு பேர்.
சடையப்பன், பெரிய தீர்த்தன், சின்னத் தீர்த்தன்,
பத்தாவது பாதியில் நின்றவள் என்பதால்
பேசுவதற்கென்று அனுப்பப்பட்ட வெள்ளச்சி.
மேல்வாழைக்குழியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் இறங்கி,
இரண்டு பஸ் மாறி, சேலத்தில் ரயிலேறி,
பொதுப்பெட்டியில் ஊரார் தலைக்கு மேல்
அதைப் பிடித்தபடி நின்றே வந்தார்களாம்.
டிக்கெட் பரிசோதகர் அதற்கும் காசு கேட்டாராம்.
அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள்.

"ரோடு வேணும்னு எழுதினோம்.
என்ன அவசியம்னு கேட்டு எழுதினீங்க.
இதுதான். எடுத்துட்டு வந்துட்டோம்."

அந்தக் கேள்வியை எழுதியது நான்.
'அவசியத்தை உரிய சான்றுகளுடன் தெளிவுபடுத்துக.'
ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி,
தயிர்சாதத்தின் மயக்கத்தில்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
சைக்கிள் நிறுத்தத்தில் சாய்ந்திருந்தது.
போர்வை கட்டித் தொங்கவிடும் இடம் வழவழப்பு.
இரண்டு நுனியிலும் தோள்பட்டை வியர்வை ஏறிக் கறுப்பு.
ஓரத்தில் வரிசையாகக் கீறல்கள், எண்ணினால் இருபத்தாறு.
தொண்டை அடைக்க, என்ன கணக்கு இது என்றேன்.
"கணக்கா? பசங்க அருவாள தீட்டிப் பாத்தது."

இதில் போனவர்களைச் சொன்னாள்,
நான் கேட்டதால்தான் சொன்னாள்.
தலைச்சன் பிரசவங்கள்.
தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த கோவிந்தன்.
பாம்பு தீண்டிய ஒன்பது வயசு,
ஆறாவது வளைவில் கனம் மாறிவிட்டதாம்;
தூக்குகிறவர்களுக்குத் தெரியுமாம் அது.
அப்புறம் தேர்தலுக்கு வந்து கால் பிசகிய அதிகாரி.
"அவருதான் இருக்கறதிலேயே கனம்."

தபால் பிரிவில் முத்திரை வாங்கினோம்.
கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு,
சான்று என்றால் கோப்போடு இருக்க வேண்டும் என்றார்,
ஆய்வு முடியும்வரை.
எழுதினேன்:
இணைப்பு, மூங்கில் ஒன்று, நீளம் பதினோரு அடி.

வெள்ளச்சி எட்டிப் பார்த்து வாசித்தாள்.
"நாளன்னைக்குள்ள குடுத்துருவீங்களா?
சின்னத் தீர்த்தன் பொண்டாட்டிக்கு இதுதான் மாசம்."

வேறு மூங்கில் இல்லையா உங்கள் மலையில்?
கேட்ட பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது.

"இருக்கு. நெறைய இருக்கு.
பச்ச மூங்கில் வளையும், மேடம்.
காயணும்."

சின்னத் தீர்த்தன் அப்போதும் ஒன்றும் பேசவில்லை.
சுவரில் மாட்டியிருந்த மாநில வரைபடத்தில்
தன் ஊர் இருக்கும் என்று நினைத்த இடத்தை
விரலால் தொடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து
தேடிக்கொண்டிருந்தான்.
அங்கே பச்சை வண்ணம் மட்டும் இருந்தது.

எழுதியதை அடித்தேன்.
இணைப்பு: இல்லை.
அடித்ததற்குச் சுருக்கொப்பம் போட்டேன்.
இனி அந்தக் கோப்பைத் திறக்கிற யாரும்
சான்று எங்கே என்று கேட்கலாம்;
கேட்கச் சொல்லித்தான் எனக்கும் சம்பளம்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன்,
கடலைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றிருந்தார்கள்.
முன்னால் இருவர், பின்னால் இருவர்,
வெற்று மூங்கிலையும் பழக்கத்தில் தோளில் வைத்து
ஒரே எட்டில் நடந்தார்கள்.
இருபத்தேழு டி வழித்தடப் பேருந்து, நான்கைந்து கார், ஒரு தண்ணீர் லாரி,
பதினோரு அடி கடக்கும்வரை
காமராஜர் சாலை நின்றது.

மறுநாள் துப்புரவுக்கு வந்த ஏகவல்லி
சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
"இங்க ஒரு நீளக் கழி இருந்துச்சே மேடம்,
ஒட்டட அடிக்க வச்சுக்கலாம்னு பாத்தேன்."

மலையேறிடுச்சு, என்றேன்.