இருபது

ஐப்பசி மழை. காரைக்குடி அரசு மருத்துவமனை.
வைரல் நிமோனியா வார்டில் பதினாறு கட்டில்.
சுவரில் ஒட்டிய தாளில் ஐந்து கேள்வி:
புத்தி தடுமாறுகிறதா, யூரியா ஏறியதா,
மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொட்டதா,
ரத்த அழுத்தம் இறங்கியதா, வயது அறுபத்தைந்தா.
ஆம் என்றால் ஒன்று.
கூட்டினால் ஆள்.

நான்காம் கட்டில், கோட்டையூர் அடைக்கம்மை, எழுபத்தொன்று.
இன்றைக்கு என்ன கிழமை என்றேன்.
"கரண்டு பில் கட்டியாச்சா?" என்றார்.
மூன்று.
மகனை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

பதினொன்றில் நாச்சியப்பன், ஐம்பத்தொன்று,
செக்காலை ரோட்டில் அடகுக்கடை.
போனில் யாரையோ வட்டிக்கு மிரட்டிக்கொண்டிருந்தார்.
பூஜ்யம்.
"எனக்கு எத்தனை மார்க், டாக்டரம்மா?"
சொன்னேன். சிரித்தார்.
"நாங்களும் ஆளை எடைபோட்டுத்தான் கொடுக்கிறோம்.
நூறு நகை வாங்கினா அஞ்சு மூழ்கும். அது தெரியும்.
எந்த அஞ்சுன்னா,
குன்றக்குடியானுக்குத்தான் வெளிச்சம்."

விடியற்காலை மூன்று பத்து.
கரண்டு போய் ஜெனரேட்டர் பிடிக்கும் இருட்டில்
அவர் விரலில் சிவப்பாக ஒரு எண்: எண்பத்திரண்டு.
விரல் சில்லிட்டிருக்கும், மாற்றி மாட்டுங்கள் என்றேன்.
எண்பத்தொன்று.
திணறவில்லை. உதடு மட்டும் நாவற்பழம் தின்ற நிறம்.
"ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் அசதி."

சார்ட்டைப் புரட்டினேன்.
மூச்சு: இருபது. இருபது. இருபது.
ராத்திரி எட்டு மணி இருபது என் கையெழுத்து.
பக்கத்துக் கட்டிலுக்கும் இருபது.
பதினாறு பேர் ஒரே தாளத்தில் மூச்சுவிடும் வார்டு
எந்த ஊரிலும் கிடையாது.
எண்ண ஒரு நிமிடம் ஆகும்.
அன்று எனக்கு அது கிடைக்கவில்லை;
வடையோடு வந்த டீக்குக் கிடைத்தது.

சிவகங்கைக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது
மாஸ்க்கை விலக்கி, கடைச் சாவியை
ஸ்டெல்லா சிஸ்டரிடம் நீட்டி
ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்தோம்.

அடைக்கம்மை ஒன்பதாம் நாள் நடந்தே போனார்,
சொல்லியனுப்பி வரவழைத்த உறவெல்லாம் பின்னால்.
சாவி இன்னும் டிராயரில் இருக்கிறது.
திறக்கும்போதெல்லாம் உருள்கிறது.

இரண்டாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவன்,
பள்ளத்தூர்க் கொத்தனார், சேவுகமூர்த்தி, இருபத்தாறு.
பூஜ்யம்தான் வரும்.
பேசாமல் படு என்கிறேன். வாட்சைப் பார்க்கிறேன்.
சிமெண்ட் கறை படிந்த சட்டை ஏறுகிறது, இறங்குகிறது.
பதினெட்டு, பத்தொன்பது,
இருபது.
இன்னும் இருபத்தைந்து நொடி இருக்கிறது.